கேட்குற பாட்டு உங்களுடையதா? இண்டி பாப் இசையை ஆன்லைனில் எங்கே தேடுவது, எப்படி வாங்குவது? முழு விளக்கம்

ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிளேலிஸ்ட்டைத் திறக்கிறீர்கள். போன வாரம் வரை ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிகிறது. தொட்டால் ஓடவில்லை. இந்தப் பாடல் தற்போது கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. மாதாமாதம் சந்தா கட்டியும் பாட்டு போச்சு.

சினிமாப் பாட்டு என்றால் கவலையில்லை. யூடியூபிலோ வேறு ஆப்பிலோ கிடைத்துவிடும். ஆனால் வெளிநாட்டில் ஏதோ ஒரு ஊரில் நாலு பேர் சேர்ந்து வீட்டு அறையிலேயே ரெக்கார்டு பண்ணி, சின்ன லேபிள் ஒன்று வெளியிட்ட பாட்டு என்றால்? அது ஒரு இடத்தில் காணாமல் போனால் மறுபடி கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இண்டி பாப் ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படியானால் இந்த இசையை எங்கே தேடுவது? காசு கொடுத்து வாங்க முடியுமா? வாங்கினால் பணம் யாருக்குப் போகும்? இந்தியாவில் இருந்து வாங்கும்போது எதைக் கவனிக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• ஸ்ட்ரீமிங் என்பது வாடகை. டவுன்லோடு செய்து வைத்த ஃபைல் மட்டும்தான் கையில் நிற்கும்.

• இண்டி பாப் வாங்க முதலில் பார்க்க வேண்டிய இடம் பேண்ட்கேம்ப். அங்கே செலவழிக்கும் பணத்தில் சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ லேபிளுக்கோ போய்ச் சேர்கிறது என்கிறது அந்தத் தளம்.

• பழைய ரெக்கார்டுகளுக்கு டிஸ்காக்ஸ். ஆனால் அங்கே கொடுக்கும் பணம் பெரும்பாலும் கலைஞருக்குப் போகாது.

• எங்கே வாங்கினாலும் உடனே டவுன்லோடு செய்து, இரண்டு இடத்தில் சேமித்து வைப்பது முக்கியம்.

இண்டி பாப் வேற, இண்டிபாப் வேற!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் 'இண்டிபாப்' என்றால் 90களின் இந்தியன் பாப்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 1995-ல் வந்த அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா', 1996-ல் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்து கொடுத்த 'கலோனியல் கசின்ஸ்' எல்லாம் அந்த வகை. அதில் 'இண்டி' என்பது இந்தியா.

இங்கே பேசுவது வேறு. 'இண்டிபெண்டன்ட்', அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராமல் சொந்தமாக இயங்கும் இசை என்பதன் சுருக்கம்தான் இந்த 'இண்டி'. கணீரென்று ஒலிக்கும் கிட்டார், மனதில் ஒட்டும் மெட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான குரல், ரொம்ப பாலிஷ் போடாத ரெக்கார்டிங். இதுதான் பொதுவான அடையாளம்.

இதன் வேர் 1980களின் பிரிட்டனில் இருக்கிறது. 1986-ல் என்எம்இ என்ற இசைப் பத்திரிகை சின்ன லேபிள்களின் இசைக்குழுக்களிடம் இருந்து 22 பாடல்களைத் தொகுத்து 'சி86' என்று ஒரு கேசட் வெளியிட்டது. அந்தக் கேசட்டின் பெயரே பிறகு ஒரு இசை வகையின் பெயர் போல ஆகிவிட்டது.

அடுத்த வருஷம், 1987-ல், பிரிஸ்டல் நகரில் கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 'சாரா ரெக்கார்ட்ஸ்' என்ற லேபிளைத் தொடங்கினார்கள். 1995-ல் நூறாவது வெளியீட்டோடு, போதும் என்று தாங்களே மூடிவிட்டார்கள். இதுபோன்ற லேபிள்களின் ரெக்கார்டுகள் தபாலிலும் போகும். ரசிகர் கடிதம் எழுதிப் பணம் அனுப்புவார், லேபிள்காரர் தானே பார்சல் கட்டி அனுப்புவார். நடுவில் ஆள் கிடையாது.

இந்த விஷயம் ஏன் முக்கியம்? பாடுகிறவரும் கேட்கிறவரும் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது இண்டி பாப்பில் ஆரம்பத்தில் இருந்தே உள்ள பழக்கம். இன்றைக்கு ஆன்லைனில் வாங்குவதும் அதன் தொடர்ச்சிதான்.

ஸ்ட்ரீமிங் இருக்கும்போது ஏன் வாங்கணும்?

நியாயமான கேள்விதான். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக் என்று இத்தனை இருக்கும்போது தனியாக எதற்குக் காசு? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பாட்டு நிலைக்கணும். இந்தியாவில் மட்டும் கொஞ்ச வருஷத்தில் மூடப்பட்டவற்றைப் பாருங்கள். கூகுள் பிளே மியூசிக் 2020-ல் போனது. ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ல் இந்தியாவில் சேவையை நிறுத்தியது. அதே வருஷம் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. அந்த ஆப்களில் வருஷக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட்டை வேறு இடத்துக்கு மாற்றாதவர்கள் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

உலக அளவில் இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்தது. 2000களில் புது இசைக்குழு என்றால் மைஸ்பேஸில் பக்கம் இல்லாமல் இருக்காது. இண்டி பாப் குழுக்கள் பல தங்கள் முதல் பாட்டை ஏற்றியதே அங்கேதான். 2019 மார்ச்சில் ஒரு தகவல் வெளியானது. சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் அழிந்துவிட்டன என்று மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. சுமார் 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கும் அதிகமான பாடல்கள் போயிருக்கலாம் என்று செய்திகள் வந்தன. ஆய்வாளர்கள் சிலர் முன்பே எடுத்து வைத்திருந்த சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் பாடல்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் மீட்டு வெளியிட்டது. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு.

இதற்கு நேர்மாறான ஒரு உதாரணமும் நம்ம நாட்டிலேயே உண்டு. பிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் 'பிளைட்' என்ற பெயரில் எம்பி3 கடை ஒன்றைத் திறந்தது. வியாபாரம் சரிவராமல் 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே விற்றது பூட்டுப் போடாத சாதாரண எம்பி3 ஃபைல். அன்றைக்கு டவுன்லோடு செய்து பத்திரமாக வைத்தவர்களிடம் அந்தப் பாட்டு இன்றைக்கும் ஓடும். கடை போயும் பாட்டு போகவில்லை. வாடகைக்கும் சொந்தத்துக்கும் வித்தியாசம் இதுதான்.

இரண்டாவது காரணம், பாடினவருக்குக் காசு போகணும். ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று நிலையான தொகை கிடையாது. சந்தா, விளம்பரம் என வரும் மொத்த வருமானத்தை ஒரே உண்டியலில் போட்டு, யாருடைய பாட்டு எத்தனை தடவை ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். கோடிக்கணக்கில் ஓடும் பாட்டுக்கு இது லாபம். ஊருக்கு நூறு ரசிகர்கள் உள்ள குழுவுக்கு டீ செலவுக்கும் காணாது.

போதாக்குறைக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்பட்டிருந்தால்தான் அந்த ரெக்கார்டிங்குக்கான ராயல்டி கணக்கே தொடங்கும். 999 என்றால் பூஜ்யம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

10 பாடல்கள் உள்ள ஒரு ஆல்பத்தின் விலை 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

பேண்ட்கேம்பில் வாங்கினால், அந்தத் தளம் சொல்லும் சராசரிப்படி சுமார் 8 டாலர் 20 சென்ட் கலைஞருக்கோ லேபிளுக்கோ போகும்.

ஸ்ட்ரீமிங்கில் அதே தொகை வர எத்தனை தடவை கேட்கணும்? ஒரு ஸ்ட்ரீமுக்கு 0.3 முதல் 0.5 சென்ட் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நடுவில் 0.4 சென்ட் என்று எடுத்துக்கொண்டால் 2,050 ஸ்ட்ரீம் வேண்டும். அதாவது அந்த ஆல்பத்தை நீங்கள் ஒருவரே முதல் பாட்டில் இருந்து கடைசி வரை 205 தடவை கேட்கணும்.

எந்த ரசிகரும் அப்படிக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு தடவை வாங்க முடியும்.

பேண்ட்கேம்ப்: தொடங்க வேண்டிய இடம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2008-ல் தொடங்கிய தளம் இது. ஒவ்வொரு குழுவுக்கும் லேபிளுக்கும் தனிப் பக்கம். பாட்டை அங்கேயே கேட்டுப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். தனிப் பாட்டு, முழு ஆல்பம் என டிஜிட்டலாக வாங்கலாம். பல குழுக்கள் வினைல், கேசட், டிஷர்ட்டும் விற்கிறார்கள்.

விலையைக் கலைஞரே வைப்பார். சில ஆல்பங்களில் 'உங்கள் விலையைச் சொல்லுங்கள்' என்று இருக்கும். குறைந்தபட்சம் பூஜ்யம் என்றிருந்தால் இலவசமாகவே எடுக்கலாம், மனமிருந்தால் கொடுக்கலாம். நிலையான விலை இருந்தாலும் அதற்கு மேல் கொடுக்கவும் வழி உண்டு.

டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம். ஒரு கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 சதவீதமாகக் குறையும். வினைல், டிஷர்ட் போன்ற பொருட்களுக்கு 10 சதவீதம். இதுபோக பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஒன்றைக் கவனிக்கணும், விற்பது லேபிள் என்றால் பணம் முதலில் லேபிளுக்குப் போகும். அங்கிருந்து ஒப்பந்தப்படி குழுவுக்குப் பிரியும்.

இந்தியாவில் இருந்து வாங்குவது எப்படி?

1. ஆப்பைவிட போன் பிரவுசரில் பேண்ட்கேம்ப் தளத்தைத் திறப்பது நல்லது. ஆப்பில் எல்லா போனிலும் டிஜிட்டல் ஆல்பம் வாங்கும் வசதி ஒரே மாதிரி இருக்காது.

2. மின்னஞ்சல் கொடுத்து ரசிகர் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். கணக்கு இருந்தால் வாங்கியவை எல்லாம் ஒரே இடத்தில் சேரும்.

3. டிஜிட்டல் ஆல்பம் வாங்கும் பட்டனை அழுத்தினால் விலை வரும். டாலரா, பவுண்டா, யூரோவா என்று பாருங்கள். விற்பவர் எந்த நாணயம் வைத்திருக்கிறாரோ அதுதான் வரும். 7 என்று மட்டும் பார்த்து டாலர் என நினைத்தால், பவுண்டாக இருந்து பர்ஸைக் கடிக்கும்.

4. பணம் கட்ட கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு அல்லது பேபால். கடையில் க்யூஆர் ஸ்கேன் பண்ணுவது போல இங்கே யூபிஐயில் கட்டலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

5. கார்டு நிராகரிக்கப்பட்டால் பதற வேண்டாம். பல இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை ஆஃப் செய்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கியின் ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போய் ஆன் செய்து, சின்னதாக ஒரு வரம்பு வையுங்கள். வாங்கி முடித்ததும் மறுபடி ஆஃப் செய்துவிடலாம்.

6. பணம் போனதும் டவுன்லோடு பக்கம் வரும். எந்த வடிவத்தில் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? கணக்கு சுலபமாக இருக்க ஒரு டாலர் 90 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 7 டாலர் ஆல்பம் 630 ரூபாய். வெளிநாட்டு நாணயத்துக்கு வங்கி தனியாக ஒரு கட்டணம் போடும். அது 3 சதவீதம் என்றால் சுமார் 19 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. வாங்கும் நேரத்தில் வரியும் சேரலாம். பட்டனை அழுத்துவதற்கு முன் கடைசித் தொகையைப் பார்த்துவிடுங்கள். 630 ரூபாய் பெரிசுதான் என்று தோன்றினால் ஆல்பத்தில் பிடித்த பாட்டை மட்டும் தனியாக வாங்கலாம். பல குழுக்கள் ஒரு பாட்டை 1 டாலருக்கே விற்கிறார்கள்.

பேண்ட்கேம்ப் வெள்ளி என்றால் என்ன?

கொரோனாவால் கச்சேரிகள் எல்லாம் ரத்தான நேரம். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தன் பங்கு எதுவும் வேண்டாம், முழுவதும் கலைஞர்களுக்கே என்று பேண்ட்கேம்ப் அறிவித்தது. ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலர் செலவழித்தார்கள். அதன் பிறகு குறிப்பிட்ட மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமை இது தொடர்கிறது. அன்றைக்கு வாங்கினால் பரிமாற்றக் கட்டணம் போக சராசரியாக 93 சதவீதம் கலைஞர் பக்கம் போகிறது என்கிறது தளம்.

எல்லா மாதமும் கிடையாது. அந்தந்த வருஷத்துக்கான தேதிகளைத் தளத்தில் பார்த்துக்கொள்ளணும். இன்னொரு விஷயம், அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரைதான் கணக்கு. நம்ம நேரத்துக்கு வெள்ளி மதியம் 12.30 மணி, அவர்களின் குளிர்காலத்தில் 1.30 மணிக்குத் தொடங்கி சனிக்கிழமை மதியம் முடியும். வெள்ளி காலையிலேயே அவசரப்பட்டு வாங்கினால் சலுகை சேராது.

சரி, நல்ல பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாங்குவது சுலபம், தேடுவதுதான் கஷ்டம். இண்டி பாப் குழுக்களுக்கு போஸ்டர் கிடையாது, ரீல்ஸ் விளம்பரமும் கிடையாது. சில வழிகள் கைகொடுக்கும்.

டேக் பிடித்துப் போவது: பேண்ட்கேம்பில் ஒவ்வொரு ஆல்பத்தின் கீழும் டேக் இருக்கும். இண்டி பாப் என்ற டேக் ரொம்பப் பெரிசு, தொலைந்து போவோம். அதற்குள் 'ஜாங்கிள் பாப்' என்றால் மணி அடிப்பது போன்ற கிட்டார் முன்னால் நிற்கும். 'ட்வீ' என்றால் குழந்தைத்தனமான வெகுளி மெட்டு. 'ட்ரீம் பாப்' என்றால் பனிமூட்டத்துக்குள் இருந்து வருவது போன்ற ஒலி. 'பெட்ரூம் பாப்' என்றால் பெயரே சொல்கிறது, வீட்டு அறையில் லேப்டாப்பில் எடுத்தது. ஊர்ப் பெயரும் டேக்தான். கிளாஸ்கோ, மாட்ரிட், பாண்டுங் என்று ஊர் பிடித்துத் தேடலாம்.

லேபிளைப் பின்தொடர்வது: சினிமாவில் இயக்குநர் பெயரை நம்பிப் படம் பார்க்கிறோம் இல்லையா, இண்டி பாப்பில் அந்த இடம் லேபிளுக்கு. ஒரு லேபிளின் ஒரு ஆல்பம் பிடித்தால் அடுத்ததும் பிடிக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் ஸ்லம்பர்லேண்ட், ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் எலிஃபான்ட் ஆகிய இரண்டும் 1989-ல் தொடங்கியவை. இரண்டும் இன்னும் இயங்குகின்றன. நியூசிலாந்தின் ஃபிளையிங் நன் 1981-ல் இருந்து இருக்கிறது.

பிரிட்டனின் ஸ்கெப் வேக்ஸ் லேபிளுக்கு சுவாரஸ்யமான ஒரு பின்னணி உண்டு. அதை நடத்தும் இருவரில் ஒருவரான அமேலியா பிளெட்சர் 80களில் 'டலூலா கோஷ்', பிறகு சாரா ரெக்கார்ட்ஸில் 'ஹெவன்லி' என்ற குழுக்களில் பாடியவர். அதே நேரம் அவர் ஒரு பொருளாதார நிபுணர். சந்தையில் பெரிய கம்பெனிகளின் ஆதிக்கத்தைக் கண்காணிக்கும் பிரிட்டன் அரசு அமைப்பில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தார். இப்போது ஹெவன்லியின் பழைய ஆல்பங்களை அவருடைய சொந்த லேபிளே மறுவெளியீடு செய்திருக்கிறது.

இன்னொரு ரசிகரின் அலமாரியைப் பார்ப்பது: பேண்ட்கேம்பில் ஒரு ஆல்பத்தை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் பக்கத்திலேயே தெரியும். ஒருவரைத் தொட்டால் அவர் வேறு என்னென்ன வாங்கினார் என்று பார்க்கலாம். அல்காரிதம் பரிந்துரைப்பதைவிட, காசு கொடுத்து வாங்கிய ஒரு மனிதரின் ரசனை பல நேரம் சரியாக இருக்கும்.

இந்தியாவில் இருந்து தொடங்க: கொல்கத்தாவின் பாரேக் அண்ட் சிங் இரட்டையர் இந்த வகைக்குச் சரியான அறிமுகம். அவர்களின் 'ஓஷன்' ஆல்பத்தை லண்டனின் பீஸ்ஃப்ராக் லேபிள் வெளியிட்டது. சென்னையின் தி எஃப்16ஸ், டெல்லியின் பிரதீக் குஹாத் ஆகியோரையும் கேட்டுப் பாருங்கள்.

வேறு எங்கெல்லாம் வாங்கலாம்?

ஐடியூன்ஸ் ஸ்டோர்: 2003-ல் அமெரிக்காவில் தொடங்கியது, இந்தியாவுக்கு 2012 டிசம்பரில் வந்தது. 2009-க்குப் பிறகு இங்கே விற்கும் பாடல்களுக்குப் பூட்டு கிடையாது, எந்தக் கருவியிலும் ஓடும். விலை ரூபாயிலேயே இருக்கும். கொஞ்சம் பிரபலமான குழுக்கள் கிடைக்கும். ரொம்பச் சின்னக் குழுக்கள் கிடைப்பது அதிர்ஷ்டம்.

குழுவின் சொந்த தளம்: சிலர் தங்கள் இணையதளத்திலேயே விற்பார்கள். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உள்ள லிங்க் வழியாகப் போவது பாதுகாப்பு.

டிஸ்காக்ஸ்: 2000-ல் ரெக்கார்டுகளின் விவரப் பட்டியலாகத் தொடங்கி, இன்றைக்கு உலகின் பெரிய பழைய ரெக்கார்டு சந்தையாக வளர்ந்த தளம். 80களின் வினைல், கேசட் தேடுகிறவர்களுக்கு இதுதான் மூர் மார்க்கெட். ஆனால் மூன்று விஷயங்கள் கவனம். ஒன்று, விற்பவர் யாரோ ஒரு சேகரிப்பாளர், பணம் பாடினவருக்குப் போகாது. இரண்டு, தபால் செலவும் சுங்க வரியும் ரெக்கார்டின் விலையையே தாண்டலாம். மூன்று, அதே ஆல்பம் மறுவெளியீடாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது ஏன் என்றால், கிளாஸ்கோவின் பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவின் முதல் ஆல்பமான 'டைகர்மில்க்' ஒரு கல்லூரிப் பாடத்திட்டத்தின் பகுதியாக 1996-ல் வெளியானது. அச்சிட்டது வெறும் 1,000 பிரதி. குழு பிரபலமானதும் அந்தப் பிரதிகளின் விலை எகிறியது. 1999-ல் மறுவெளியீடு வந்தபோது சாதாரண விலைக்கே எல்லோருக்கும் கிடைத்தது. முதல் அச்சுதான் வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

இன்டர்நெட் ஆர்க்கைவ்: காசு இல்லையா? கலைஞர்களே இலவசமாகப் பகிர அனுமதித்த ஆல்பங்கள் இங்கே 'நெட்லேபிள்' பிரிவில் ஏராளம். சட்டப்படியே டவுன்லோடு செய்யலாம்.

உஷார்: இவற்றைக் கவனிங்க

• கூகுளில் ஆல்பம் பெயரோடு டவுன்லோடு என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் திருட்டுத் தளங்கள். சில தளங்கள் ஒரு பாட்டு ஐந்து ரூபாய் என்று கடை போலவே வேஷம் போடும். அங்கே கார்டு எண் கொடுத்தால் பாட்டும் உறுதியில்லை, பணமும் உறுதியில்லை.

• குழு நிஜமா என்று பாருங்கள். 2025-ல் வெல்வெட் சன்டவுன் என்ற பெயர் ஸ்பாட்டிஃபையில் மாதம் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கேட்கும் அளவுக்குப் போனது. பிறகுதான் ஏஐ உதவியோடு உருவாக்கப்பட்ட குழு என்று தெரிந்தது. கச்சேரி நடத்திய விவரம், லேபிள் பெயர், ரெக்கார்டு செய்தவர் பெயர் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.

• பேண்ட்கேம்பையும் கண்ணை மூடி நம்பிவிட முடியாது. 2022 மார்ச்சில் அதை எபிக் கேம்ஸ் வாங்கியது. 2023-ல் சாங்டிரேடர் என்ற கம்பெனிக்குக் கைமாறியது. அந்த நேரத்தில் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். தளம் வழக்கம்போல இயங்குகிறது. ஆனால் கை மாறும் எந்தக் கடையும் ஒரு நாள் மூடப்படலாம்.

வாங்கியாச்சு, அடுத்து என்ன?

பலர் செய்யும் தவறு இங்கேதான். காசு கொடுத்து வாங்கிவிட்டு டவுன்லோடு செய்யாமல் ஆப்பிலேயே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் அதுவும் வாடகை மாதிரிதான்.

போனில் கேட்க எம்பி3 320 போதும். ஒரு நிமிஷப் பாட்டுக்கு சுமார் 2.4 எம்பி, நாலு நிமிஷப் பாட்டு 10 எம்பிக்குள் அடங்கும். ஒலித்தரம் குறையாமல் காலத்துக்கும் வைக்க ஃபிளாக் வடிவம். அது பல மடங்கு பெரிய ஃபைல், வைஃபை இருக்கும்போது இறக்குங்கள். பேண்ட்கேம்பில் ஒரு தடவை வாங்கினால் இரண்டையுமே எடுக்கலாம்.

போனில் ஒரு பிரதி, பென்டிரைவ் அல்லது ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. போன் தொலைந்தாலும் பாட்டு இருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கிய பாட்டை நண்பருக்கு அனுப்பலாமா?
ஃபைலை நகல் எடுத்து விநியோகிக்க உரிமை கிடையாது. பேண்ட்கேம்பில் பரிசாக வாங்கி அனுப்பும் வசதி இருக்கிறது. அல்லது பாட்டின் லிங்க்கை அனுப்புங்கள், அவரே கேட்டுப் பார்க்கட்டும்.

வாங்கிய பாட்டை ரீல்ஸில், யூடியூப் வீடியோவில் போடலாமா?
வாங்கியது கேட்பதற்கான உரிமை மட்டும். வீடியோவில் பயன்படுத்த தனி அனுமதி வேண்டும். சின்னக் குழுக்களுக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டால் பதில் வர வாய்ப்பு உண்டு.

அப்படியானால் ஸ்ட்ரீமிங்கை விட்டுவிடணுமா?
தேவையில்லை. புதுசாகக் கேட்டுப் பார்க்க ஸ்ட்ரீமிங், மனசில் தங்கியதை வைத்துக்கொள்ள வாங்குவது. பலருக்கு இதுதான் சரிவரும்.

மாதம் எவ்வளவு செலவழிக்கலாம்?
விதி எதுவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஆல்பம் வாங்கினாலும் வருஷத்துக்கு ஆறு. ஐந்து வருஷத்தில் 30 ஆல்பம் உங்கள் பெயரில் இருக்கும். அதே ஐந்து வருஷம் சந்தா மட்டும் கட்டினால், கட்டுவதை நிறுத்தும் நாளில் கையில் எதுவும் இருக்காது.

இன்றைக்கு ராத்திரி பிளேலிஸ்ட்டைத் திறக்கும்போது ஒரு வேலை செய்யலாம். இந்தப் பாட்டு நாளைக்குக் காணாமல் போனால் வருத்தப்படுவேன் என்று தோன்றும் ஒரே ஒரு பாட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்தக் குழுவின் பெயரை பேண்ட்கேம்பில் தேடுங்கள். இருந்தால், அதில் இருந்து தொடங்கலாம்.